போட்ட விலைக்குப் பொறுப்பு யாரு?

2019 புத்தாண்டு அன்னிக்கு வியட்நாம்லேருந்து நியூயார்க்குக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் 675 டாலருக்குக் கிடைச்சுது. ஒரு வழிக்கு இல்லைங்க, போக வர. கேத்தே பசிஃபிக் விமானம்.

அந்த மாதிரி தடத்துல மேல் வகுப்புல உக்காந்து போக 16,000 டாலர் வரைக்கும் ஆகும். பதினாறாயிரம் எங்கே, அறுநூத்துச் சொச்சம் எங்கே! மலிவு டிக்கெட் தேடுறதையே பொழுதுபோக்கா வெச்சிருக்கறவங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, கேட்டவங்க இன்னும் நாலு பேருக்குச் சொல்லி, சட்டுபுட்டுன்னு டிக்கெட் போயிட்டே இருந்தது. வாங்கினவங்களுக்கு ஒரே சந்தோஷம், கூடவே ஒரே பயம். "கேன்சல் பண்ணிடுவாங்களோ?"

பண்ணல.

அடுத்த நாளே கேத்தே தன் ட்விட்டர் கணக்குல வெளிப்படையாச் சொல்லிடுச்சு: வாங்கினவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறோம். ரெண்டு வாரம்கூட ஆகல, லிஸ்பன்லேருந்து ஹாங்காங்குக்கு முதல் வகுப்பு டிக்கெட் சுமார் 1,500 டாலருக்கு வித்துப்போச்சு. மறுபடியும் தப்பு. மறுபடியும் அதே பதில்: வாங்க, பறக்கலாம்.

கேக்கவே நல்லா இருக்குல்ல? ஆனா இதை நம்பி யாரும் கணக்குப் போடக்கூடாது. கேத்தே செஞ்சது பெருந்தன்மை. (நல்ல பேரும் வந்துச்சு, அது வேற.) அது பயணிகளோட உரிமை கிடையாது.

2024 ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியாவோட குவான்டாஸ்ல நடந்ததைப் பாருங்க. ஆஸ்திரேலியா–அமெரிக்கா முதல் வகுப்பு டிக்கெட் 85 சதவீதம் வரைக்கும் கம்மி விலையில ஒரு எட்டு மணி நேரம் விற்பனையில இருந்தது. 28,000 ஆஸ்திரேலிய டாலர் டிக்கெட் 5,000 டாலருக்கு. சுமார் 300 பேர் வாங்கிட்டாங்க. நிறுவனம் என்ன பண்ணுச்சு? "இது கணினியில நடந்த பிழை. முதல் வகுப்பு தர முடியாது. கட்டின காசுக்கே பிசினஸ் கிளாஸ்ல வாங்க, இல்லைன்னா முழுப் பணத்தையும் திருப்பி வாங்கிக்குங்க"ன்னு ரெண்டு வழி கொடுத்துச்சு. அவங்களோட விற்பனை விதிமுறையிலேயே, வெளிப்படையாத் தெரியுற விலைப் பிழைன்னா டிக்கெட்டை ரத்து பண்ணலாம்னு எழுதி வெச்சிருந்தாங்க.

ஒரே மாதிரி தப்பு, ரெண்டு விதமான முடிவு. அப்போ டிக்கெட்டு வாங்கினவருக்கு, டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டினவருக்கு, ஓட்டல் ரூம் போட்டவருக்கு உண்மையிலேயே கையில என்ன உரிமை இருக்கு? இதைப் பத்தி விளக்கமாப் பேசியே ஆகணும். ஏன்னா இந்த விஷயத்துல கோபம் வர்றதுக்கு நியாயமான காரணம் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு குடும்பத் தலைவர் டிக்கெட் போடும்போது 12ஆம் தேதிக்குப் பதிலா 21ஆம் தேதியைத் தட்டிட்டார்னு வைங்க. என்ன ஆகும்? தேதி மாத்துற கட்டணம், அதுக்கு மேல அன்னிய விலை வித்தியாசம். மலிவு டிக்கெட்டா இருந்தா "ரீஃபண்ட் கிடையாது"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அமெரிக்காவுல புறப்பாட்டுக்கு ஏழு நாளாவது இருந்தா புக் பண்ணின 24 மணி நேரத்துக்குள்ள இலவசமா ரத்து பண்ணலாம்னு விதி இருக்கு. இந்தியாவுலயும் அந்த மாதிரி ஒரு சலுகை நேரம் உண்டு. அந்த நேரம் தாண்டிடுச்சுன்னா பயணியோட கைத்தவறுக்கு பயணியே காசு கட்டணும். அதே கைத்தவறு நிறுவனத்துக்கு நடந்தா மட்டும், "மன்னிக்கணும், பிழை"ன்னு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். லீவு எழுதிக் கொடுத்து, விசாவுக்குப் பணம் கட்டி, போற ஊர்ல ரூம் போட்டவரோட நஷ்டத்தை யார் தர்றது?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வெச்சிருக்கு. சில நாட்டுல பதிலே இல்ல.

முதல்ல ஒரு அடிப்படை. நிறைய பேர் நினைக்கிறது: "விளம்பரத்துல 19,999ன்னு போட்டாச்சு, அப்போ அந்த விலைக்குக் கொடுத்தே ஆகணும்." இங்கிலாந்து சட்டம் அப்படிப் பாக்கல. (அதைப் பின்பற்றி வந்த இந்தியா, சிங்கப்பூர் மாதிரி நாடுகளும் அப்படிப் பாக்கல.) இங்கிலாந்துல பூட்ஸ் மருந்துக்கடை மேல நடந்த ஒரு வழக்கு 1953ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல முடிஞ்சது. அலமாரியில விலை ஒட்டி வைக்கிறது "வாங்க, வந்து கேளுங்க"ன்னு கூப்பிடுறதுதான். வாடிக்கையாளர் பொருளை எடுத்துட்டு வந்து கல்லாவுல நீட்டி, கடைக்காரர் சரின்னு காசு வாங்கும்போதுதான் பேரம் முடியுது. விளம்பரமும் அந்த அலமாரி மாதிரிதான். பாத்தவுடனே உரிமை வந்துடாது.

ஆனா நீங்க புக் பண்ணி, பணம் கட்டி, "உங்கள் பயணம் உறுதி செய்யப்பட்டது"ன்னு மின்னஞ்சல் வந்தாச்சுன்னா நிலைமையே வேற. அங்கே ஒப்பந்தம் உருவாயிடுச்சுன்னு வலுவா வாதாடலாம். அதுக்கப்புறம் நிறுவனம் தப்பிக்கணும்னா ஒரே ஒரு கதவுதான் முக்கியமா இருக்கு: "இது தப்பு விலைன்னு வாங்கினவருக்கே தெரியும்."

இந்தக் கதவு திறந்தது முயல் தோல்ல! 1939ல லண்டன்ல ஒரு வழக்கு. அர்ஜென்டினா காட்டு முயல் தோல் முப்பதாயிரம் விக்கிறதுக்குப் பேச்சு. பேச்சு முழுக்க ஒரு தோலுக்கு இவ்வளவுன்னு நடந்திருக்கு. எழுத்துல வரும்போது மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவுன்னு எழுதிட்டாங்க. ஒரு பவுண்டுக்கு சுமார் மூணு தோல் நிக்கும். அதாவது விலை மூணுல ஒரு பங்காயிடுச்சு. வாங்கினவங்க உடனே சரின்னு பிடிச்சுக்கிட்டாங்க. நீதிபதி சொன்னதோட சாரம்: தோல் வியாபாரத்துல இருக்கிற உங்களுக்கு இது எழுத்துப்பிழைன்னு தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல, ஒப்பந்தம் செல்லாது.

அறுபத்திச் சொச்சம் வருஷம் கழிச்சு சிங்கப்பூர்ல அதே கதை, இந்தத் தடவை பிரிண்டர். 2003 ஜனவரியில ஒரு இணையக் கடையில எச்பி லேசர் பிரிண்டர் 66 சிங்கப்பூர் டாலர்னு வந்துடுச்சு. சரியான விலை 3,854. ஊழியர்கள் பயிற்சிக்காகப் போட்ட ஒரு எண், தளத்துல நிஜ விலையாவே ஏறிடுச்சு. நடுராத்திரி தாண்டி ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டருக்கு ஆர்டர் கொடுத்தாங்க. தானா உறுதி மின்னஞ்சலும் வந்துச்சு. கடை தரமாட்டேன்னதும் வழக்கு.

தோத்துட்டாங்க. ஏன் தெரியுமா? அந்த ராத்திரி நண்பர்களுக்குள்ள பேசிக்கிட்ட சாட் எல்லாம் நீதிமன்றத்துல படிச்சுக் காட்டப்பட்டது. தப்பு விலையா இருக்கும்னு அவங்களுக்கு நல்லாவே சந்தேகம் இருந்தது அதுல தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சே பிடிச்ச பேரம் செல்லாதுன்னு 2004ல உயர் நீதிமன்றம் சொல்லுச்சு, 2005ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்துச்சு.

இது நியாயமான தீர்ப்புதான். வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கினவரையும் ஆயிரக்கணக்குல அள்ளினவங்களையும் ஒண்ணா வைக்க முடியாது. சுற்றுலாவுலதான் சிக்கல் இருக்கு. பிரிண்டர் 66 டாலருக்கு வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். விமான டிக்கெட் என்ன விலைக்கு வரும்னு யாருக்குத் தெரியும்? காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. ஆண்டு விழா சலுகை, கார்டு சலுகை, கடைசி நேரச் சலுகைன்னு தினமும் நம்ப முடியாத விலையை நிறுவனங்களே கூவிக் கூவி விக்குது. "ஒரு ரூபாய்க்குப் பறக்கலாம்"னு இந்தியாவுலயே விளம்பரம் வந்த காலம் உண்டு. அடிப்படைக் கட்டணம் ஒரு ரூபாய், மத்ததெல்லாம் தனி. நம்ப முடியாத விலையை நம்பச் சொல்லிப் பழக்கினவங்களே, "இந்த விலையை எப்படிங்க நம்பினீங்க?"ன்னு திருப்பிக் கேக்குறது எந்த ஊர் நியாயம்?

2009 அக்டோபர்ல நடந்தது இதுக்குச் சரியான உதாரணம். அது இந்தியக் குடும்பங்களைத் தொட்ட விஷயம்கூட. அமெரிக்காவுலேருந்து இந்தியாவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போட்ட அடிப்படைக் கட்டணம் 40 டாலர். இங்கே கவனிங்க. வரியும் எரிபொருள் கட்டணமும் அதுக்கு மேல தனி, அதுவே சில நூறு டாலர். அப்போ வாங்குறவர் கண்ணுல படுற மொத்தத் தொகை 40 கிடையாது. பொருளாதார மந்தநிலை இருந்த வருஷம் வேற. "கூட்டம் இல்ல, அதான் விலையைக் குறைச்சிருக்காங்க"ன்னு ஒருத்தர் நம்பினா அவரை எப்படிக் குத்தம் சொல்ல முடியும்? இது 66 டாலர் பிரிண்டர் இல்லைங்க.

நிறுவனம் டிக்கெட்டுகளை ரத்து பண்ணுச்சு. பணத்தைத் திருப்பித் தர்றோம், கூட அடுத்த பயணத்துக்கு 300 டாலர் தள்ளுபடிச் சீட்டுன்னு சொன்னாங்க. ஊர்ல கல்யாணத்துக்கு, வயசான அப்பா அம்மாவைப் பாக்குறதுக்குத் திட்டம் போட்டவங்களுக்கு அது எந்த மூலைக்கு? புகார்கள் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்குப் போச்சு.

அந்தத் துறை 2011ல ஒரு விதி கொண்டு வந்து 2012லேருந்து நடைமுறைப்படுத்துச்சு. பணம் கட்டி வாங்கியாச்சுன்னா, அதுக்கப்புறம் டிக்கெட் விலையை ஏத்தக்கூடாது. டூர் பேக்கேஜுக்கும் இது பொருந்தும். (அரசு வரி கூடினா மட்டும் விதிவிலக்கு, அதையும் முன்னாடியே சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்கணும்.) தப்பு விலையா இருந்தாலும் இதே விதிதான், ரத்து பண்ணிட்டுக் கூடுதல் விலைக்கு வாங்கச் சொல்றதும் விலையை ஏத்துற மாதிரிதான்னு அந்தத் துறை விளக்கம் கொடுத்துச்சு. பயணிகளுக்கு இது பெரிய பாதுகாப்பா இருந்தது.

மூணு வருஷம்தான் நீடிச்சது.

2015 பிப்ரவரியில யுனைட்டட் ஏர்லைன்ஸோட டென்மார்க் தளத்துல நாணய மாற்றுக் கணக்கு குளறுபடியாச்சு. லண்டன்லேருந்து அமெரிக்காவுக்கு முதல் வகுப்பு நூறு டாலருக்கும் கீழே. ஆனா அந்த விலை கிடைக்கணும்னா "நான் டென்மார்க்ல இருக்கேன்"னு தளத்துல சொல்லணும். டென்மார்க் எந்தத் திசையில இருக்குன்னே தெரியாதவங்க ஆயிரக்கணக்குல அதைச் சொல்லி வாங்கினாங்க. நிறுவனம் எல்லாத்தையும் ரத்து பண்ணுச்சு. புகார் குவிஞ்சது. இந்த டிக்கெட் அமெரிக்க நுகர்வோருக்காக விளம்பரம் பண்ணினதே இல்ல, அதனால எங்க விதி இதுல வராதுன்னு போக்குவரத்துத் துறை கைவிரிச்சது. அதோட நிக்கல. அந்த மே மாசமே, உண்மையான விலைப் பிழைன்னு நிரூபிச்சா அந்த டிக்கெட்டை ரத்து பண்ற நிறுவனம் மேல நடவடிக்கை எடுக்கப்போறதில்லைன்னு ஒரு அறிவிப்பு விட்டுச்சு.

இப்போ முக்கியமான பகுதி. அந்த அறிவிப்புல ஒரு நிபந்தனை உண்டு. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தா மட்டும் போதாது. அந்த டிக்கெட்டை நம்பி பயணி செஞ்ச மத்த செலவையும் நிறுவனமே தரணும். ரத்து பண்ணினாலும் பணம் திரும்பாத ஓட்டல் ரூம், போற ஊர்ல கட்டின டூர், இணைப்பு விமானத்தை ரத்து பண்றதுக்கான கட்டணம், விசாக் கட்டணம். பில்லைக் காட்டினா பணம்.

இதுதான் நடுநிலையான தீர்வு. 66 டாலர் பிரிண்டரை ஆயிரக்கணக்குல அள்ளினவருக்கு லாபம் கிடைக்காது. நம்பி வாங்கினவருக்குக் கைக்காசும் போகாது. தப்பு பண்ணினவங்க அந்தத் தப்போட செலவை ஏத்துக்கறாங்க. இந்த ஒரு விதியை இந்தியா உட்பட எல்லா நாடும் எழுத்துல போட்டாலே முக்கால்வாசி சண்டை தீந்துடும்.

சரி, இந்தியாவுல என்ன நிலைமை?

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்னிக்கும் அமலில் இருக்கு. அதுல 20ஆம் பிரிவு, ரெண்டு தரப்புமே ஒரு முக்கியமான உண்மையைப் பத்தித் தப்பா நினைச்சிருந்தா ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது. 22ஆம் பிரிவுதான் சுவாரசியமானது: ஒரு தரப்பு மட்டும் தப்பு பண்ணிச்சுங்கற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை ரத்து பண்ண முடியாது. அதாவது "எங்க ஊழியர் ஒரு சைபரை விட்டுட்டார்"ங்கறது தனியா நிக்கிற வாதம் இல்ல. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்துல ஒத்துக்கவே இல்லைன்னு நிறுவனம் வேற வழியில வாதாடலாம். ஆனா 22ஆம் பிரிவு வாடிக்கையாளர் பக்கம் ஒரு நல்ல துணை.

இதை வெச்சு ஜெயிச்சுக் காட்டினவங்க இருக்காங்களா? சுற்றுலா இல்ல, லேப்டாப். 2014 டிசம்பர்ல ஒடிசாவுல ஒரு சட்ட மாணவர் அமேசான்ல 190 ரூபாய்னு போட்டிருந்த லேப்டாப்புக்கு ஆர்டர் கொடுத்தார். அசல் விலை 23,499. உறுதி வந்துச்சு. கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு, விலைப் பிரச்சனை, ஆர்டர் ரத்துன்னு. படிப்பு வேலைக்கு லேப்டாப் தேவைப்பட்டதால வேற லேப்டாப்பை முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதாச்சு. மாவட்ட நுகர்வோர் மன்றத்துல ஒரு தொகை கிடைச்சுது. போதாதுன்னு மாநில ஆணையத்துக்குப் போனார். 2021 ஜனவரியில தீர்ப்பு: மன உளைச்சலுக்கு 30,000, தண்டனையா 10,000, வழக்குச் செலவு 5,000. மொத்தம் 45,000 ரூபாய். ஆறு வருஷம் விடாமப் போராடின அந்த மாணவருக்கு ஒரு சபாஷ் போடணும்.

கவனிங்க, அந்த லேப்டாப்பை 190 ரூபாய்க்குக் கொடுன்னு ஆணையம் சொல்லல. ஏத்துக்கிட்ட ஆர்டரைத் தள்ளிவிட்டதால வந்த பாதிப்புக்கு இழப்பீடு கொடுன்னு சொல்லுச்சு. டூர் விஷயத்துல வழக்குப் போடுறவங்களும் இந்த வழியிலதான் கேக்கணும். "எனக்கு அந்த விலைக்கே மாலத்தீவு வேணும்"னு ஒத்தைக் கால்ல நிக்கிறதை விட, "உங்களை நம்பி நான் செலவழிச்சதையும் அலைஞ்சதையும் ஈடு கட்டுங்க"ன்னு பில்லோட கேக்குற வழக்குக்குப் பலம் அதிகம்.

நிறுவனங்களோட விதிமுறையில "விலைப் பிழை இருந்தால் எந்நேரமும் ரத்து செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு"ன்னு ஒரு வரி இருக்கும். அதைப் பாத்தவுடனே நிறைய பேர் சோர்ந்துபோயிடறாங்க. சோர வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்"னு ஒரு வகையைத் தனியா எழுதியிருக்கு. நியாயமான காரணம் இல்லாம ஒரு தரப்பு மட்டும் இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை முறிக்கலாம்னு இருக்கிற நிபந்தனை அதுல வரும். (இந்த வகைப் புகாரை மாநில ஆணையத்துலதான் போடணும், மாவட்டத்துல இல்ல.)

இங்கிலாந்திலயும் ஐரோப்பாவிலயும் பேக்கேஜ் டூருக்குன்னு தனிச் சட்டமே இருக்கு, அதைப் பாத்தா ஏக்கமா இருக்கும். விமானமும் ஓட்டலும் சேத்து ஒரே விலைக்கு வாங்கிட்டீங்கன்னா, அப்புறம் விலையை ஏத்துறதுக்கு மூணே காரணம்தான்: எரிபொருள் விலை, மத்தவங்க விதிக்கிற வரி அல்லது கட்டணம், நாணய மாற்று விகிதம். "நாங்க விலையைத் தப்பா அடிச்சிட்டோம்"ங்கறது அந்தப் பட்டியல்லயே இல்ல. அந்த மூணு காரணத்துக்கு ஏத்தினாலும் கிளம்புறதுக்கு 20 நாள் முன்னாடியாவது சொல்லணும். 8 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா பயணி அபராதம் இல்லாம ரத்து பண்ணிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கலாம். இன்னொண்ணு, விலை ஏத்துற உரிமையை எழுதி வெச்சா, அதே காரணத்தால செலவு குறையும்போது பணத்தைக் குறைக்கிற கடமையும் நிறுவனத்துக்கு உண்டு. ரெண்டு பக்கமும் சமம். இந்தியாவுல டூர் ஆபரேட்டர்கள் அச்சடிச்சு நீட்டுற படிவத்துல "டாலர் ஏறினால் கூடுதல் தொகை" மட்டும் இருக்கும். இறங்கினா என்னன்னு கேட்டுப் பாருங்க, பதிலுக்கு ஒரு சிரிப்புதான் வரும்.

தப்பு விலைங்கறது விளம்பரப் பலகையில மட்டும் வர்றதில்ல, இப்போ பேசுற மென்பொருள்லயும் வருது. கனடாவுல பாட்டியை இழந்த ஒருத்தர் 2022 நவம்பர்ல ஏர் கனடா தளத்துல இருந்த சாட்பாட்டைக் கேட்டார், துக்கத்துக்குப் போறவங்களுக்கான சலுகைக் கட்டணம் எப்படி வாங்குறதுன்னு. முதல்ல முழு விலைக்கு வாங்கிட்டு 90 நாளுக்குள்ள விண்ணப்பம் போடலாம்னு அது சொல்லுச்சு. அது தப்பு. நிறுவனத்தோட உண்மையான விதிப்படி பயணம் முடிஞ்சப்புறம் சலுகை கேக்க முடியாது. பணம் கேட்டப்போ மறுத்துட்டாங்க. வழக்குல ஏர் கனடா வெச்ச வாதம் என்ன தெரியுமா? அந்த சாட்பாட் தனி ஆள் மாதிரி, அது சொன்னதுக்கு அதுவே பொறுப்பு! பிரிட்டிஷ் கொலம்பியாவோட தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில அதைத் தூக்கி எறிஞ்சது. உங்க தளத்துல இருக்கிற ஒவ்வொரு தகவலுக்கும் நீங்கதான் பொறுப்பு, அது பக்கமா இருந்தாலும் சரி, சாட்பாட்டா இருந்தாலும் சரின்னு சொல்லி, வட்டியும் செலவும் சேத்து 812 கனடா டாலர் கொடுக்க வெச்சது. தொகை சின்னதுதான். அந்தப் பயணி உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தது வழக்குக்குப் பெரிய பலம்.

இதுவரைக்கும் பேசினது எல்லாம் தெரியாம நடந்த பிழை. தெரிஞ்சே போடுற தப்பு விலைதான் இதை விடப் பெரிய கொடுமை, அதைச் சொல்லாம விட முடியாது.

"துபாய் நாலு நாள், வெறும் 39,999!" பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரக் குறி. போன் போட்டா, ஜிஎஸ்டி தனி, டி.சி.எஸ் தனி, விசா தனி, ரெண்டு பேர் ஒரு ரூம்ல தங்கினாத்தான் இந்த விலை, அதுவும் வெயில் கொளுத்துற மாசத்துல குறிப்பிட்ட ரெண்டு தேதிக்கு மட்டும். (டி.சி.எஸ்ங்கறது டூர் விக்கிறவர் முன்கூட்டியே பிடிக்கிற வரி, வருமான வரிக் கணக்குல திரும்பக் கேட்டு வாங்கக்கூடிய தொகை. அதையும் யாரும் சொல்ல மாட்டாங்க.) கடைசியில கட்டுற பணம் எங்கேயோ போய் நிக்கும். இந்த 39,999 என்னிக்காவது யாருக்காவது வித்த விலையா?

கொஞ்சம் கொஞ்சமா விலையைச் சொட்ட விடுற இந்த வேலையை இந்தியா 2023 நவம்பர்லயே தடுத்திருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஏமாத்து வடிவமைப்புகள்னு 13 வகை இருக்கு. முதல்ல ஒரு விலையைக் காட்டிட்டுக் கடைசியில கூட்டுறது, கேக்காமலே காப்பீட்டைக் கூடையில சேக்குறது, "இன்னும் ஒரே ஒரு ரூம்தான் பாக்கி"ன்னு பொய்யா அவசரப்படுத்துறது எல்லாம் அதுல அடக்கம். அதுக்கு முன்னாடி 2022 ஜூன்ல வந்த விளம்பர வழிகாட்டுதல், சொன்ன விலைக்கு விக்க வாய்ப்பே இல்லாம ஆசை காட்டி இழுக்குற விளம்பரத்தைத் தடுக்குது. நட்சத்திரக் குறிக்குக் கீழே வர்ற நிபந்தனையும் விளம்பரம் இருக்கிற மொழியிலேயே, அதே எழுத்துருவிலே இருக்கணும்னு சொல்லுது. தமிழ்ல கூவிட்டு ஆங்கிலத்துல பொடி எழுத்துல நிபந்தனை போடக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு அந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம், திரும்பவும் பண்ணினா 50 லட்சம் வரைக்கும். இங்கிலாந்துல 2025 ஏப்ரல்லேருந்தும், அமெரிக்க ஓட்டல் அறைகளுக்கு 2025 மே மாசத்துலேருந்தும் கட்டாயக் கட்டணம் எல்லாத்தையும் சேத்த முழு விலையைத்தான் முதல்லயே காட்டணும்.

சட்டம் இருக்கு. புகார் போடத்தான் ஆள் இல்ல. "இதுக்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவாங்க?"ன்னு விட்டுடுறாங்க. அப்படி விடாதீங்க, அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அந்த விளம்பரமே ஓடுது.

விலை சந்தேகமா இருந்தா ஒரு காரியம் பண்ணுங்க. விளம்பரம், விலை காட்டுற பக்கம், பணம் கட்டின பக்கம், உறுதி மின்னஞ்சல் எல்லாத்தையும் தேதி நேரத்தோட படம் எடுத்து வைங்க. உறுதி வந்து சில நாள் அமைதியாப் போகட்டும், அதுவரைக்கும் ரத்து பண்ண முடியாத ஓட்டலோ விசாவோ போடாதீங்க. ரத்துன்னு மின்னஞ்சல் வந்தா, பணம் திரும்ப வாங்கறதோட "முழுத் தீர்வாக ஏற்கிறேன்"னு எதுலயும் சம்மதம் கொடுத்துடாதீங்க. தள்ளுபடிச் சீட்டு கொடுத்தா, அது வேணாம், பணமே வேணும்னு கேக்கலாம். செலவு பில்லை இணைச்சு எழுத்துல கேளுங்க, போன்ல பேசினது காத்துல போயிடும்.

அசையலைன்னா 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அதுலயும் முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில இருந்தாலும் டில்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது. இணையத்துலயே தாக்கல் பண்ணலாம், வக்கீல் கட்டாயம் இல்ல. பிரச்சனை நடந்த நாள்லேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.